தேன்நெல்லி பாட்டில் என்னிடம்

ஈரலுக்கு மருந்தென்று கணவர் பாலமுரளி வாங்கி வைத்திருந்த தேன்நெல்லி பாட்டிலை மட்டுவார்குழலி கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். காலையில் பொன்மலைக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போக முசிறி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து, கை தயங்காமல் எழுதினாள்.

"என்னங்க, பாட்டிலத் தேடாதீங்க, எங்கிட்ட இருக்கு. வைட்டமின் சி கொறைவா இருக்கவங்களுக்கு ஈரல்ல கொழுப்பு அதிகமாத் தெரியுதுன்னு டாக்டர் சொன்னாங்க, ஒத்துக்கிறேன். நெல்லிக்காய் சாப்பிடச் சொன்னாங்க, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா நீங்க தினம் பத்து முழுங்குறது நெல்லிக்காய் இல்ல, சர்க்கரைப் பாகு. 'நெல்லிதானடி'ன்னு கத்தினா சர்க்கரை பயந்து ஓடிடாது.

பச்ச நெல்லிய நறுக்கி உப்பு போட்டு ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன். கொய்யா கூடையில இருக்கு. ரசத்தைச் சுட வெச்சுக்குங்க. வெளிய போனா சாவிய எதிர்வீட்டுச் சித்ராதேவிகிட்ட குடுங்க. அடுத்த ஸ்கேன்ல கொழுப்பு கொறைஞ்சிருக்கும், பாருங்க.

குழலி"

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் குறுக்காக நுணுக்கி எழுதினாள்:

"நானும் ஒண்ணு தின்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. அதான் எடுத்துட்டுப் போறேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அதற்கும் கீழே சேர்த்தாள்:

"கோவமா இருக்கணும்னா இருங்க. இருந்தாப் போதும்."