குசினிக்குள் ஒரு சஹாரா

ரவை வறுக்கும் மணம் வீடெல்லாம் பரவியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. ஊர் உலகத்துக்கு ரவை என்றால் உப்புமா. எனக்கு அது சஹாரா.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த புதிது. பிரெஞ்சு பேசும் கார்ட்டியர்வில்லில் குடியிருந்தோம். பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையில் வாயடைத்து நின்று ஒருமுறை தோற்றிருந்தேன். அதில் தேறினால்தான் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் படிக்கலாம். கடையோ ஆஸ்பத்திரியோ, அதுவரை எனக்காக என் புருஷன் நீங்கள்தான் கதைத்தீர்கள். மறுமுறை எனக்கு முன்கூட்டியே தந்த தலைப்பு, பாலைவனத்து மணல்மேடுகள். முழங்காலளவு பனிக்குள் நிற்பவளுக்கு!

சமையற்காரர் நீங்கள், தட்டில் ரவையைக் குவித்து என் ஹெயார் ட்ரையரை எடுத்தீர்கள்.

"இஞ்சரும், நான் காத்து. நடக்கிறதை நீர் பிரெஞ்சிலை சொல்லும்."

ஒரே ஊதலில் அடுப்பு, அலமாரி என்று குசினி முழுக்க ரவை.

"என்னப்பா, உங்களுக்கு விசரே?"

மீசையெல்லாம் ரவையோடு சிரித்தீர்கள். பிறகு தள்ளி நின்று மெல்ல ஊதினீர்கள். ரவை காற்றுப் பக்கம் சாய்வாக ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் செங்குத்தாகச் சரிந்தது.

"நகருது, பாரும், நகருது!" என்று துள்ளினீர்கள்.

பரீட்சையன்று பாடமாக்கியதை ஒப்புவித்தேன். ஆசிரியை கடதாசியை மூடிவிட்டு, "மணல்மேடு எப்படி நகரும்?" என்று கேட்டார். அது நாங்கள் பாடமாக்காத கேள்வி. யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடத்தில் பனி குவிந்து, காற்றில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அதைக் காட்டினேன். இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் விழும், மேடு ஓரடி முன்னே போகும் என்று கையும் வாயுமாகச் சொன்னேன். இலக்கணம் நொண்டியது. நான் நிற்கவில்லை. ஆசிரியையும் யன்னலடிக்கு வந்துவிட்டார்.

"பிறந்ததிலிருந்து பனி பார்க்கிறேன், இதைக் கண்டதில்லை" என்றார்.

வெளியே என் கோட்டோடு காத்திருந்த உங்களிடம் "பாஸ்!" என்று கத்தினேன்.

"காத்துக்கும் ஒரு சேர்ட்டிபிக்கட் தரச் சொல்லும்!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில், உங்கள் கடைசிக் கிழமையில், நன்றாகப் பிரெஞ்சு பேசுபவர் என்று டாக்டர் உங்களிடம்தான் குனிந்தார். நீங்கள் விரலை உயர்த்தி என்னைக் காட்டினீர்கள். எல்லாவற்றையும் நானே கேட்டேன், நானே பதில் சொன்னேன். நீங்கள் பெருமையோடு கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள்.

இன்று எங்கே போனாலும், "யார் கதைக்கப்போவது?" என்று கேட்டால் நான்தான் முன்னால் போகிறேன். அந்த விரல் இன்னும் என்னைத்தான் காட்டுகிறது.