அம்மாவின் நோட்டில் இடது பக்கம்

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

இந்த வருஷம் சாமை நன்றாக வந்தது. அறுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. புளியும் காய்த்துத் தொங்குகிறது. நல்லதை முதலில் சொல்லிவிட்டேன், உனக்குப் பிடிக்காது. "மொதல்ல கெட்டதச் சொல்லுடி" என்பாய்.

சரி, கெட்டது. உன் நோட்டைப் பாதியாக்கிவிட்டார்கள்.

உனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த வருஷம் நீ சுவரைப் பார்த்துப் படுத்தவள், நாலு மாதம் யாரோடும் பேசவில்லை. எனக்காக மாத்திரை மட்டும் போட்டாய். மலைக்குக் கீழே மருத்துவமனையில் ஆலோசகர் அம்மா, "தினமும் மூணு நல்லத நெனச்சுப் பாத்து நன்றி சொல்லுங்க, எழுதி வெச்சா இன்னும் நல்லது, மனசு கொஞ்சம் எழுந்து உக்காரும்" என்றார். திரும்பி வரும்போது பஸ் அமிர்திக் காடு தாண்டி மலை ஏறியதும் கேட்டாய்: "நன்றியாம். யாருக்குடி? எனக்குன்னு தனியா டம்ளர் எடுத்து வெச்சாளுங்களே, அவளுங்களுக்கா?"

ஆனாலும் ஒரு சாயங்காலம் என் பள்ளிக்கூட நோட்டை இழுத்து நடுவில் விரித்தாய். உனக்கு எழுதத் தெரியாது. "எழுதுடி. இந்தப் பக்கம் திட்டு, அந்தப் பக்கம் நன்றி. திட்டு மொதல்ல. அது உள்ளயே கெடந்தா நன்றி எப்படி வெளிய வரும்?"

நீ சொன்னாய், நான் எழுதினேன். கல்லூரி விடுதியில் இருந்தபோதுகூட நீ போனில் சொல்வதைத் தாளில் குறித்து, ஊருக்கு வந்ததும் நோட்டில் ஏற்றினேன்.

இடது பக்கம்: "ரத்தம் எடுக்க வந்த பொண்ணு கையுறை மேல கையுறை போட்டுக்கினா. நான் இன்னா நெருப்பா?" வலது பக்கம்: "நரம்ப ஒரே தடவைல புடிச்சா. வலிக்கல."

ஒரு நாள் வலது பக்கத்தில் இது மட்டும்தான்: "கண்டக்டர் மீதி சில்லறைய என் உள்ளங்கையில வெச்சாரு." திட்ட ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "இன்னிக்கி இல்ல. நாளைக்கி பாத்துக்கலாம், எங்க போயிடப் போறாளுங்க" என்றாய்.

அது உன்னை எழுப்பி உட்கார வைத்தது, அம்மா. உனக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புச் சண்டை போடும் குரல் திரும்பி வந்தது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. கடைசியில் உன்னைக் கொண்டு போனது நெஞ்சுவலி. ஊர் மட்டும் இன்னும் "அந்த நோயிலதான்" என்கிறது. எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்வது?

நீ போன பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்து, படித்துவிட்டுத் தருவதாக நோட்டை வாங்கிப் போனார். போன வாரம் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொண்டு வந்தார். அட்டையில் "நன்றியால் நலம் கண்ட தாய்". உள்ளே வலது பக்கங்கள் மட்டும்.

"இன்னொரு பக்கமும் இருக்குமே சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா? படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும் இல்ல?"

நான் "சரிங்க சார்" என்றேன். அவர்மேல் இருக்கும் கோபத்தைவிட, அதைச் சொன்ன என் வாய்மேல் எனக்குக் கோபம் அதிகம். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய வாய் அது.

அவர் போன பிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன். "புளி தட்டுற எடத்துல கோவிந்தம்மா எனக்கு உக்காரப் புது சாக்கு போட்டா. இடுப்பு வலிக்கல." இதை வைத்து, வரும் வெள்ளிக்கிழமை புத்தக வெளியீட்டு விழாவில், மகளிர் குழுத் தலைவி கோவிந்தம்மா அத்தைக்குச் சால்வை போடுகிறார்களாம், நோயாளியை அரவணைத்தவர் என்று.

அதே நாளின் இடது பக்கத்தை யார் படித்தார்கள்? "எல்லாரும் ஒரே பாயில. எனக்கு மட்டும் கதவுக்கு வெளிய தனி சாக்கு. நான் தட்டுன புளிய ஒடுகத்தூர் சந்தைக்கு அனுப்பவே இல்ல. மாட்டுக்கொட்டாய் ஓரம் கொட்டிட்டாளுங்க."

இரண்டும் நடந்தவைதான். சாக்கு புதியது என்பதை நீ மறைக்கவில்லை. உன் நியாயம் அப்படி. ஆனால் நன்றி நீ உனக்காகச் சாப்பிட்ட மருந்து. அதை எடுத்து அவர்கள் தோளில் போர்த்துவதா? நன்றி சொன்னவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று யார் முடிவு செய்தது? நோய் வந்தவர்கள் மட்டும் ஏன் எந்நேரமும் நன்றி சொல்லும் முகத்தோடு நிற்க வேண்டும்?

நேற்று அந்த அலுவலகத்துக்குப் போய் நோட்டைத் திரும்ப வாங்கினேன். உள்ளே நுழைவதற்கு முன் இரண்டு முறை வாசலோடு திரும்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து நேராக அத்தை வீடு. விழாவுக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாடி வெண்ணிலா. ஒங்கம்மா என்னப் பத்தி நல்லதா எழுதி வெச்சிக்கீறாளாமே. புண்ணியவதி."

"ஆமா அத்தே. இதையும் எழுதச் சொல்லிச்சு."

படித்தேன். அத்தை மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்போ எங்களுக்கு இன்னாடி தெரியும்? எல்லாரும் பயந்துட்டோம்."

"புளியில ஒட்டாதுன்னு நர்சம்மா வந்து சொன்னாங்களே அத்தே. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் வெளியதானே உக்கார வெச்சீங்க?"

"செத்தவள வெச்சி என்ன அசிங்கப்படுத்தப் போறியா?"

"அம்மா சொன்னத சொன்னபடி படிக்கப் போறேன். சாக்கு புதுசுன்னும் படிப்பேன்."

"வாயே இல்லாத பொண்ணுன்னு நெனச்சேன்."

"நானுந்தான் அத்தே."

விழாவில் எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தால் என் பெயரை எடுத்துவிடலாம். எடுக்கட்டும். கூப்பிட்டால் மேடையில் நின்று படிப்பேன். கூப்பிடாவிட்டால் சால்வையைப் பிரிக்கும் முன்பே கூட்டத்துக்குள் எழுந்து நிற்பேன். நீ சொன்ன வரிசையில், ஒரு வரி விடாமல் படிப்பேன். சிரித்த முகமாக இருக்கச் சொல்லி உட்கார வைக்கப்பட்ட ஒருத்தி அங்கே இருப்பாள், உன்னைப் போல அதே நோயோடு. கோபத்தைக் கீழே போடாமலும் நன்றி சொல்லலாம் என்று அவள் காதில் விழ வேண்டும்.

உனக்குக் கையெழுத்தாக இருந்த மகள்,
வெண்ணிலா