காகிதத்தில் இருநூற்று நாற்பத்தொன்று

1966 மார்ச் 12, சனிக்கிழமை, மாலை ஐந்து இருபது. உன் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல் பதிக்காமல் வெறும் மண்ணாகக் கிடக்கும் இடம் இருபத்தைந்து கல்லுக்கானது. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

எண்ண வைத்தது உன் செய்தித்தாள் சுருள். உன் தையல் மெஷினுக்கு அடியில் இருந்ததாம், உன் அம்மா எடுத்து வந்து கொடுத்தார். பிரித்ததும் மெஷின் எண்ணெயும் சாக்பீஸ் தூளும் கலந்த வாடை. சிராங்கூன் சாலையில் உன் கடைக்குள் நுழைந்தால் முதலில் வருமே, அதேதான். நீ உள்ளே இருக்கிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நீ போய் முப்பத்தொரு நாள்.

மழை பெய்தால் புக்கிட் பாஞ்சாங்கில் உங்கள் பின்வாசல் சேறாகிவிடும். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தீபாவளி மழையில் வழுக்கி விழுந்து அவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு, தளம் போட்டே ஆகவேண்டும் என்றாய். இடமோ கோணல். சமையலறைச் சுவர்ப் பக்கம் மட்டும்தான் நேர். ஒரு பக்கம் சாக்கடை சாய்வாக வெட்டிக்கொண்டு போகும், இன்னொரு பக்கம் ரம்புத்தான் மரத்தைச் சுற்றிய வளைவு.

“ஒத்தக் கை வச்ச சட்டை மாதிரி இருக்குலா,” என்றாய்.

நான் செவ்வகம், முக்கோணம், கால்வட்டம் என்று பிரித்தேன். இருநூற்றுப் பதினான்கு சதுர அடி. கல் ஓரடிக்கு ஓரடி. ஆக, இருநூற்றுப் பதினான்கு கல். பத்து நிமிட வேலை.

நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டாய். பழைய செய்தித்தாளைக் கல் அளவுக்கு வெட்டித் தரை முழுக்கப் பரப்பினாய். ஓரத்தைத் தொட்ட தாளையெல்லாம் முழுதாக எண்ணினாய்.

“இருநூத்தி நாப்பத்தொண்ணு.”

“டேய், இது சட்டையில்லடா. வெட்டின மிச்சம் இன்னொரு ஓரத்துக்கு ஆகும்.”

“வளைவுல வெட்டின மிச்சம் எதுக்கும் ஆகாது, இஞ்சினியரு. கல்லைத் தச்சுச் சேப்பியா?”

“பாலிடெக்னிக்ல மூணு வருஷம் இதைத்தான் படிச்சேன்.”

“அப்ப ஐயா சொன்னா சரி,” என்று அளவு நாடாவை எனக்கு மாலையாகப் போட்டாய்.

என் கணக்குப்படியே கல் வந்தது. ஜனவரியில் இருவரும் பதித்தோம். கடைசியில் இருபத்தைந்து கல் இல்லை. மரத்தடியில் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்தன, பொருந்தியது இரண்டே இரண்டு. தப்பு என்னுடையது என்று அப்போதே தெரியும். ஆனால் அம்மாவிடம் என்ன சொன்னேன்? “இவன்தான் வெட்டுறேன்னு கல்லையெல்லாம் உடைச்சுட்டான்.”

நீ என்னைப் பார்த்தாய். பதிலுக்குக் கத்துவாய் என்று நினைத்தேன். தாள்களைச் சுருட்டிக்கொண்டே, “டீ குடிச்சிட்டுப் போ,” என்று மட்டும் சொன்னாய். நான் குடிக்கவில்லை. மூன்று ஞாயிறுகள் வரவும் இல்லை. நான்காவது வாரம் உனக்குக் காய்ச்சல், மருத்துவமனை, எல்லாம் முடிந்தது. கோபமாக இருந்தாயா, எனக்காகக் காத்திருந்தாயா? இதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

இன்றைக்கு அம்மா சொன்னார்: “துணியில ஒரு நூல் பிசகாதவன், தம்பி. கல்லு கனம், அவனுக்குக் கை வரல. மனசுல வச்சுக்காதீங்க.”

உனக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகுதான் தாள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். படிக்கு நேர் கீழே வரும் தாளில் நீலச் சாக்பீஸில் எழுதியிருக்கிறாய்: “முழுக் கல். அம்மா கால் வைக்கிற இடம்.” அங்கே நான் ஒரு முக்கோணத் துண்டை வைத்துச் சிமெண்டால் அடைத்திருந்தேன். மிதித்துப் பார்த்தேன். ஆடுகிறது.

பதித்தது இருநூற்றுப் பதினான்கு, காலி இருபத்தைந்து, அதையும் சேர்த்தால் மொத்தம் இருநூற்று நாற்பது. நீ ஒன்று கூடச் சொன்னாய். நான் இருபத்தாறு குறைத்தேன்.

இனிச் செய்யவேண்டியவை:

1. ஆடும் துண்டை இன்றே பெயர்த்துவிட்டு, கல் வரும்வரை பலகை போடுவது.

2. திங்கட்கிழமை பட்டறையில் கல் எடுப்பது. இருபத்தாறு அல்ல, இருபத்தேழு. உன் கணக்கு.

3. உன் தாள்களை விரித்து, அதன்படியே பதிப்பது.

4. நீ ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்வது.

நான்காவதுதான் முதலில். உள்ளே டீ ஆற்றும் சத்தம் கேட்கிறது. டம்ளரை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.