மூன்றாம் ரீலில் செத்தவருக்கு

போத்தனூருக்குத் தெற்கே நம் தோட்டம்,
தாது வருஷம், ஐப்பசி 9.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நமது மொட்டைக்கொம்பு எருமையானது சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணி அளவில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த உங்கள் சில்க் ஜிப்பாவின் வலது கையை முழுவதும், இடது கையை முழங்கை வரையிலும் உண்டு, ஜீரணித்து, பூரண சுகத்துடன் இருக்கிறது. நாங்களும் சுகம். அவ்விடத்துச் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம், ஆனால் எட்டு மாதமாகப் பதிலே வராத இடத்தில் யாரைக் கேட்பது என்று அந்த வரியை அம்மா நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டாள்.

சினிமாவில் நடிக்கப் போய்க் கல்கத்தாவில் இருக்கும் சிரஞ்சீவி அங்கப்பனுக்கு அம்மா சென்னியம்மாள் ஆசீர்வாதம் செய்து சொல்வது, திருமூர்த்தியாகிய நான் எழுதுவது. இதில் ‘நீ’ என்று வந்தால் அது அம்மா, ‘நீங்கள்’ என்று வந்தால் உங்கள் தம்பி, கசப்பாக வந்தால் ரெண்டு பேரும்.

உன் படம் கோயமுத்தூருக்கு வந்தது கண்ணு, போய்ப் பார்த்தோம். முக்கியமான கட்டத்தில் வருகிறேன் என்று நீ கடைசியாக எழுதியதை நம்பி, ரெண்டு வண்டி பூட்டி, பதினாலு பேர் கட்டுச்சோற்றோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். இனி நான் சொல்கிறேன் அண்ணா, அம்மாவால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை. எங்கள் அண்ணன்தான் சேனாதிபதி, ராஜாவே அவரைக் கேட்டுத்தான் மூச்சு விடுவார் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு போனவன் நான். படத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், நாற்பத்திரண்டு பாட்டு, அவற்றுக்கு நடுவே மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் கதை. கதாநாயகரின் வயிறு முதலில் வந்து சேர்ந்தது, அவர் பின்னால் வந்தார். கதாநாயகி மூன்று தரம் மயங்கி விழுந்தாள், மூன்று தரமும் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் விழுந்தாள். நடுக்காட்டில் ஒரு எலெக்ட்ரிக் ஒயர் தொங்கியது, அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. மூன்றாம் ரீலில் பன்னிரண்டு சிப்பாய்கள் ஈட்டியோடு வந்து நின்றார்கள். இடமிருந்து நாலாவது ஆள் நீங்கள். ஒரு அம்பு வந்தது, விழுந்தீர்கள், முடிந்தது. எய்தவன்கூட ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் எய்தான். செத்த உங்களுக்கு ஒரு வரி கொடுக்க ஆளில்லை.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, “அய்யோ என்ற சாமி, என்ற கண்ணு போயிட்டானே” என்று மாரில் அடித்துக்கொண்டாள். முன் வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். எதிர்த்தோட்டத்து மாசாணியம்மாள் பெரியம்மா, “அம்மணி, அது பொம்மைங்க, நெசமில்லீங்க” என்று கையைப் பிடித்து இழுத்தவள், இழுத்த கையோடு தானும் ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒப்பாரி, ராஜா பாடிய பாட்டு யார் காதிலும் விழவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம். நான் மட்டும் அழவில்லை. சினிமாவுக்கெல்லாம் ஏமாறுகிற ஆள் நானில்லை, நீங்கள் விழுந்த அழகைப் பார்த்துச் சிரித்தேன்.

வெளியே வந்ததும் பாட்டுப் புஸ்தகம் விற்கிற மைதீன் பிச்சையிடம் அய்யன் ஒன்று வாங்கினார். “ஏனுங்க பாய், இதுல என்ற பையன் பேரு எங்கீங்க போட்டிருக்குது?” என்று கேட்டார். அவர் அட்டை முதல் அட்டை வரை புரட்டிப் பார்த்துவிட்டு, “அடுத்த பதிப்புல போடுவாங்க, கவுண்டரே” என்றார். அய்யன் புஸ்தகத்தை மடியில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒருத்தரையும் வாசற்படி ஏறவிடவில்லை, பதினாலு பேரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “அது சினிமான்னு எனக்கும் தெரியுமுங்கறேன். அப்ப கடுதாசி ஏன் வரலே? மூணு வயசுல உனக்கு அம்மை போட்டப்ப மாரியாத்தாகிட்ட மடிப்பிச்சை கேட்டு வாங்கின உசிரு அது. அதைக் காசுக்கு விழுந்து காட்டறியா சாமி?”

நான் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் வேஷம் மூன்று நிமிஷம். நீங்கள் விட்டுப் போன இடத்தில் என்னை நிறுத்தி, நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தி, இங்கே எனக்குக் கொடுத்திருக்கிற வேஷம் ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. கவலையில் தண்ணீர் இறைக்கிற மாட்டுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நடக்கிறேன், கிணறு கை தட்டுவதில்லை.

படிப்பு போனாலும் புஸ்தகம் விடவில்லை. மைதீன் பிச்சை இரவல் தருகிறார், ஆகவே உங்களுக்குச் சிபாரிசு செய்யும் தகுதி எனக்கு உண்டு. முதலில் ரயில்வே கைடு படியுங்கள், சுருக்கமான நடை, போத்தனூர் என்று ஒரு பக்கம் வரும், அதை ரெண்டு தரம் படியுங்கள். மாதிரிக் கடிதங்கள் என்று ஒரு புஸ்தகம், அதில் தாய்க்கு மகன் எழுதுவது ஆறே வரி. காப்பி அடித்தால்கூடப் போதும். நிஜமாகவே நல்லது வேண்டுமென்றால் துப்பறியும் நாவல் ஒன்று இருக்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவன் கடைசி அத்தியாயத்தில் மழைக்கோட்டோடு கதவைத் தட்டுகிறான். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் அம்மா என்னை நாலு தரம் வாசிக்கவைத்துவிட்டாள்.

வெந்நீரில் குளி, கண்ட தண்ணீரைக் குடிக்காதே, செத்துப்போகிற வேஷம் கொடுத்தால் மாட்டேன் என்று சொல். பழனியாண்டவர் துணையிருப்பார், நூறு வருஷம் நன்றாயிரு. கருப்பு மை தடவி வரும் சாவுக் கடுதாசி மாதிரி இது ஆகிவிடக் கூடாதென்று, அம்மா தன் கையாலேயே நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறாள். பதிலிலும் மஞ்சள் இருக்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் இந்த மூலையிலேயே தேய்த்து அனுப்பு.

இப்படிக்கு, உன் அம்மா சென்னியம்மாள், அவள் சொல்ல எழுதிய திருமூர்த்தி.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள், அதற்குள் இது. நான் சிரித்தேன் என்று எழுதியது பொய், அண்ணா. யாருக்கும் தெரியாமல் இன்னும் ரெண்டு தரம் போனேன். ரெண்டாம் தரம் அம்பு வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் தரம் தரையில் முன்னாலே உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். செத்து விழுந்த பிறகும் உங்கள் வயிறு ஏறி இறங்குகிறது. மட்டமான நடிப்பு. வெளியே வந்து மைதீன் பிச்சையின் புஸ்தக மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன், அவர் கடையைக் கட்டாமல் காத்திருந்தார். வீட்டுக்கு ஓடி வந்து, விழுந்த பிறகும் அண்ணனுக்கு மூச்சு ஓடுகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். “நீ இப்படித்தான் எதையாச்சும் சொல்லுவே கண்ணு, சேனாதிபதின்னும் நீதானே சொன்னே” என்று சொல்லிவிட்டு உங்கள் ஜிப்பாவின் மிச்சத்தை மடித்து வைக்கப் போய்விட்டாள். நான் சொன்னால் நம்பமாட்டாள் அண்ணா, நீங்களே எழுதிவிடுங்கள்.