கருப்பட்டியில் மறைத்த கசப்பு

என் அன்பு அக்காவுக்கு,

எமர்ஜென்சி வந்த வருஷம் நீ போனாய். இப்போது ஆட்சியே மாறிவிட்டது. நான் மட்டும் தேவிகுளத்தில் அதே எஸ்டேட் பங்களாவில் அதே தோட்டக்காரன்தான். டாலியா, ரோஜா, துரை பச்சையாகவே தின்னும் லெட்டூஸ் கீரை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. தனியாகச் சொல்லத் தைரியமில்லை. நாலு பேர் படிக்கும் பத்திரிகையில் எழுதிச் சொல்கிறேன்.

அந்தக் கீரைக்கு இளசாக இருக்கும்வரைதான் மரியாதை. பூத்தண்டு விட்டதும் கசந்துபோகும், சமையல்காரர் தொடமாட்டார். தண்டைக் கீறினால் பால் வடியும். ஒருநாள் பல்வலி பொறுக்காமல் அந்தத் தண்டை மென்றுவிட்டு, வேலியோரம் தூங்கிப்போய், துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேனே, நீ சிரித்தது நினைவிருக்கிறதா?

உன் வயிற்றுக் கட்டிக்கு இனி வைத்தியமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது எனக்கு அந்தப் பால்தான் ஞாபகம் வந்தது. தண்ணீரில் கலந்து கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாய். பிறகு கொஞ்ச நேரம் முனகாமல் தூங்குவாய். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்போதுதான் உன் மகள் செல்வி வருவதாகக் கடிதம் போட்டாள். நம்மைக் கேட்காமல் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு வாளையாருக்குப் போனவள். இரண்டு வருஷமாக நீ அவள் பேரைக்கூட எடுக்கவில்லை. அவள் வரும் நாளன்று காலையிலேயே சொல்லிவிட்டாய்:

“இன்னைக்கு அந்தக் கசப்புத் தண்ணி வேண்டாம்லே. எம் புள்ள வாரா. நான் முழிச்சிக் கிடக்கணும். கோவமெல்லாம் எப்பவோ போச்சுன்னு எம் வாயால அவகிட்டச் சொல்லணும்.”

மதியமாகியும் பஸ் வரவில்லை. மறையூர் பக்கம் பழுதாகி நின்றது பிறகுதான் தெரிந்தது. நீ பாயைப் பிறாண்டுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை அக்கா. கடுங்காப்பியில் கருப்பட்டியை அள்ளிப் போட்டு, அந்தப் பாலை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கலந்தேன்.

“வெறும் காப்பிதானலே?” என்று கேட்டாய்.

“ஆமாக்கா” என்றேன். நம்பிக் குடித்தாய்.

மூன்று மணிக்குச் செல்வி வந்தாள். உன் காலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். இமை லேசாக அசைந்தது, திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

“எம் மேல உள்ள கோவத்துல அம்மா கண்ணையே தொறக்கலையே மாமா!” என்று தரையில் விழுந்து அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நோய்தான் முற்றிவிட்டது, அந்தப் பால் தூங்க மட்டும்தான் வைத்திருக்கும் என்று கம்பவுண்டர் பிற்பாடு சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா? உன்னை எழவிடாமல் செய்தது நோயா, நானா? யாரிடம் போய்க் கேட்பேன்?

செல்விக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. போன வாரம் எழுதியிருந்தாள்: “பாப்பா தூங்குனா பயமா இருக்கு மாமா. அம்மா மாதிரி இவளும் எனக்கு முகம் குடுக்காம போயிருவாளோன்னு எழுப்பி எழுப்பிப் பாக்கேன்.” அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது அச்சாகி வருவதற்குள் வாளையாருக்குப் போய்விடுவேன். அவளை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்வேன், இது சத்தியம். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும். அவளைக் கண்ணால் பார்க்கத்தான் நீ அத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டு கிடந்தாய் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன்னை ஏமாற்றிய தம்பி,
முருகேசன்