மூடுபனியில் திரும்பிய ஹெலிகாப்டர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவைக் கேட்டால் மழுப்புகிறாள், நீங்களே எழுதுங்கள். நான் நலம்.

இங்கே ஆஸ்பத்திரி மாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா? அந்தத் தளத்தை, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக அச்சு அசலாகச் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டேன். முந்நூறு பேர் எடுத்துக்கொண்டார்கள். இங்கே வந்து இறங்கும் பைலட்டே பார்த்துவிட்டு, "தம்பி, கொடிக்கம்பம் இடது பக்கம்ப்பா!" என்று திருத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போன செவ்வாய் காலை அவர் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு வந்தார். கண்ணை மறைக்கும் மூடுபனி. எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன். சத்தம் மூன்று முறை தலைக்கு மேல் சுற்றியது, பிறகு தேய்ந்துபோனது. விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பனி விலகிவிடும், அப்பா.

"குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். நமக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க."

பைலட்டுக்கு எழுதினேன்; பதில் இல்லை.

நீங்கள் கவலைப்படாதீர்கள், என் வேலைக்கு ஆபத்து ஒன்றுமில்லை. நம் வீட்டு மொட்டைமாடியின் நீள அகலம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி எந்த மூலையில் என்பதே மறந்துவிட்டது. நீங்கள் ஏறாதீர்கள், தங்கச்சியை அளக்கச் சொல்லுங்கள். விளையாட்டிலாவது வந்து இறங்கிப் பார்க்கிறேன். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்