மேகத்தை யார் வாங்குவார்கள்?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் அதிகம். மற்றபடி நலம்.

பட்டறையில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடங்களுக்கு அணுவின் மாதிரிகள் செய்கிறோம். அணுவை முதலில் உடைக்க முடியாத குண்டு என்றார்கள். பிறகு, எலக்ட்ரான்கள் பதிந்த உருண்டை என்றார்கள். அப்புறம், அது பெரும்பாலும் வெற்றிடம், நடுவில் சின்னக் கரு மட்டும் என்று தெரிந்தது. கருவைச் சுற்றி எலக்ட்ரான்களுக்கு வட்டப் பாதை போட்டார்கள். கடைசியில் பாதையும் போய், மேகம்தான் மிஞ்சியது: எலக்ட்ரான் இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கல்லூரியில் நான் படித்தது அந்த மேகத்தை. இங்கே வளைப்பது அந்தப் பழைய வட்டப் பாதைக்கான பித்தளை வளையத்தை. மேகம்தான் சரி என்று மேஸ்திரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"மேகத்த எவன்டா காசு குடுத்து வாங்குவான்? வளையத்த வளைடா, விஞ்ஞானி!" என்றார்.

போன வாரம் ஒரு வளையம் பிடியிலிருந்து துள்ளி இடது கண்ணில் பட்டது. சின்ன அடிதான். கட்டுத் துணியைப் பிரித்தபோது அந்தக் கண்ணில் மேகம் மட்டும் தெரிந்தது. "பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இதை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் அப்பா. பரீட்சையில் நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

மணி அடித்துவிட்டது. வளையங்கள் காத்திருக்கின்றன. அடுத்த கடிதத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வலது கண் சீக்கிரம் களைத்துப்போகிறது.

உங்கள் மகன்